அண்ணன் மகளுக்கு கல்யாணம், அத்தையா போறேன்... என்னெல்லாம் பண்ணலாம்?

வடசேரிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அண்ணன் மகளுக்கு வாற ஆவணியில கல்யாணம் வச்சிருக்கு, நாகர்கோவில்ல தான் மண்டபம், மாப்பிள்ளைக்கு ஊரு தக்கலை பக்கம். என்னைய சென்னையில கட்டிக் குடுத்து வருசம் பல ஆயாச்சு. ஊர்ல நடக்க கல்யாணத்துக்கெல்லாம் வந்து போயிட்டு தான் இருக்கேன், ஆனா அதெல்லாம் காலையில ரயில்ல இறங்குனோமா, தாலிகெட்டு பாத்தோமா, சாப்பிட்டோமா, சாயங்காலம் திரும்ப ரயில் ஏறுனோமான்னு ஓடுற கணக்கு. இது அப்படி கிடையாது பாத்துக்கிடுங்க, சொந்த அண்ணனோட மூத்த பிள்ளை, அவ பிறந்தப்ப ஆஸ்பத்திரியில மயினிக்கு (அண்ணிக்கு) பக்கத்துல நின்னு துணியில பொதிஞ்சு முதல்ல கையில வாங்குனது நான் தான்.

போன வாரம் அவளே போன் பண்ணி "அத்தை, நீங்க கல்யாணத்தன்னைக்கு வந்து நிக்க ஆளா இருக்கப்பிடாது, முன்னாடியே வந்து எங்கூட வீட்டுல இருக்கணும்"ன்னு சொல்லிட்டா. அதுல இருந்து எனக்கு இருப்பே கொள்ளல. மயினிட்ட நான் என்ன செய்யணும்னு கேட்டா "நீ வந்து நின்னா போதும் பிள்ளே"ன்னு முடிச்சுட்டாவ. அவியளுக்கு மண்டபம், பத்திரிகை, பாத்திரம், மாப்பிள்ளை வீட்டு ஆளுகளுக்கு மரியாதை கொறையப்பிடாதேங்கிற பதட்டம்னு தலைக்கு மேல கெடக்கு. எனக்கு அந்த பாரம் ஒண்ணும் இல்ல, பிள்ளை மேல உரிமை மட்டும் முழுசா இருக்கு. இத வச்சு கல்யாணத்த முழுசா அனுபவிக்கணும், அவளுக்கும் ஒரு தொணையா இருக்கணும், இது தான் ஆசை.

நாத்தனார் முடிச்சு மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சிக்கு உள்ளது, அது தெரியும். பொண்ணோட அத்தைக்கு அப்போ என்ன இருக்கு? முந்தின நாள் ராத்திரி என்ன செய்யலாம், பூ எங்க சொல்லணும், என்ன சீர் செஞ்சா நல்லா இருக்கும்... அத்தையா சித்தியா பெரியம்மையா நின்னவிய எல்லாரும் உங்க அனுபவத்த சொல்லுங்க. என் மக சென்னையிலயே வளந்தவ, அவளும் கூட வாறா, அவளுக்கும் நம்ம ஊரு கல்யாணம் எப்படின்னு காட்டணும்.

பார்வதிபுரம் அத்தை:

எம்மா, வாசிச்சதும் எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. நான் அண்ணன் பிள்ளையள், தம்பி பிள்ளையள், கொழுந்தன் பிள்ளையள்னு எத்தனையோ கல்யாணத்துல அத்தையாவும் பெரியம்மையாவும் நின்னவ. கல்யாண வீட்டுல இருக்கதுலயே நல்ல எடம் அத்தைக்கு உள்ளது தான்னு நான் அடிச்சு சொல்லுவேன். பெத்தவளுக்கு அன்னைக்கு பூரா கண்ணு வாசல்லயும் மனசு ஆக்குப்பெரையிலயும் (சமையல் கொட்டகையிலயும்) தான் இருக்கும், மகளுக்கு தாலி ஏறுறத கூட நிம்மதியா பாக்க முடியாது, யாராவது வந்து சாவிய கேப்பாவ. அத்தைக்கு அது இல்ல. பிள்ளை முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கலாம்.

முந்தின நாள் ராத்திரிய விட்டுராத. இப்போ கேட்டரிங்காரங்க காய வெட்டியே கொண்டு வந்துருகாவ, ஆனாலும் அண்ணன்ட்ட சொல்லி அவியலுக்கு உள்ள காயையாவது வீட்டு முற்றத்துல இறக்கச் சொல்லு. அக்கம்பக்கம் எல்லாம் அரிவாமணையோட வந்து இருப்பாவ. சேனை, வாழைக்கா, முருங்கக்கா, வெள்ளரிக்கா, புடலங்கா எல்லாம் விரல் நீளத்துக்கு ஒரே சீரா வெட்டணும். உன் மகளையும் பக்கத்துல இருத்தி சொல்லிக் குடு, சேனைய தொடுறதுக்கு முன்னாடி கையில தேங்காண்ணை தேச்சுக்கிடணும் இல்லேன்னா அரிச்சு எடுத்துரும், வாழைக்காய வெட்டுன உடனே மஞ்சப்பொடி கலந்த தண்ணியில போடணும் இல்லேன்னா கறுத்துப் போவும். ஒரு பக்கம் ரெண்டு பேரு தேங்கா திருவிக்கிட்டே இருப்பாவ, அந்த வாசமும் காப்பி வாசமும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சமும் (இப்போ டியூப்லைட்டு தான், இருந்தாலும்) சேந்து நடுராத்திரி வரைக்கும் பழங்கதை ஓடும். யாரு கல்யாணத்துல மழை பெஞ்சு பந்தல் சரிஞ்சுது, யாரு பொண்ணு பாக்க வந்தப்ப வழி தப்பி அடுத்த வீட்டுல போய் இருந்தாவன்னு எல்லாம் அங்க தான் வெளிய வரும். உங்க அண்ணன் மகளையும் கொஞ்ச நேரம் கூட்டி வந்து இருத்து. அவ கேக்காத கதை, அவ பாட்டா பாட்டி கதை எல்லாம் அன்னைக்கு கேப்பா.

அடுத்து பந்தி. பந்தி விசாரிக்க உரிமை அத்தைக்கு உண்டு, அத யாருக்கும் விட்டுக் குடுக்காத. இலை நுனி சாப்பிட வந்தவிய இடது கைப்பக்கம் இருக்கான்னு முதல்ல பாத்துக்கோ. உப்பு, இஞ்சிக்கறி, நாரத்தங்கா, தயிர் கிச்சடி, பச்சடி, துவரன் (தேங்கா போட்ட பொரியல்), எரிசேரி, அவியல், ஏத்தங்கா உப்பேரி, சர்க்கரை வரட்டின்னு விளம்பி வச்சிருப்பாவ. சோறு போட்டு பருப்பும் நெய்யும் விட்ட உடனே பப்படம் நொறுங்குற சத்தம் பந்தி முழுக்க ஒண்ணா கேக்கும். அந்த நேரத்துல வரிசைக்கு நடுவுல நடந்து போய் "பெரியப்பா இன்னும் கொஞ்சம் அவியல்", "மாமி ஏன் கைய மடக்குறிய"ன்னு கேட்டுப் பாரு, ஊரே உன் வீட்டுக்கு சாப்பிட வந்தது மாதிரி இருக்கும். அடப்பிரதமன் வந்ததும் இலையில ஊத்தி மட்டிப்பழம் ஒண்ண பிசைஞ்சு பப்படத்த நொறுக்கிப் போட்டு சாப்பிடச் சொல்லி உன் மகளுக்கு காட்டு. பால் பாயாசத்துக்கு போளி. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மட்டிப்பழத்துக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சிருக்கு, சென்னையில போய் சொல்லட்டும் பிள்ளை.

பஃபே மட்டும் வேண்டாம்னு அண்ணன்ட்ட கண்டிப்பா சொல்லு. தட்ட கையில வச்சுக்கிட்டு வயசானவிய நிக்கத பாத்தா எனக்கு மனசு கேக்காது.

பூக்கடை மருமகன்:

அக்கா, நான் தோவாளை பக்கம், எங்க வீட்டுல பூ கட்டுறது தான் தொழில். பூ பத்தி நான் சொல்லுகேன்.

ஆவணின்னு சொல்லுறிய, முதல்ல ஓணம் என்னைக்குன்னு காலண்டர்ல பாத்துக்கிடுங்க. ஓணத்துக்கு முந்தின பத்து நாளும் தோவாளை சந்தையில இருந்து பூவு வண்டி வண்டியா கேரளாவுக்கு ஏறும், கேந்தி வாடாமல்லி அரளி எல்லாம் அத்தப்பூக்களத்துக்கு போவும், கூடவே முகூர்த்த நாளும் சேந்துட்டுன்னா பிச்சி விலை எங்க போய் நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால முன்னாடியே ஒரு கடையில அட்வான்ஸ் குடுத்து இவ்வளவு பூன்னு சொல்லி வச்சிருங்க. சந்தை விடியுறதுக்கு முன்னாடியே களை கட்டிரும், உங்க மகளுக்கு காட்டணும்னா இருட்டோட எந்திரிச்சு வாங்க. மலை பக்கத்துல குளுந்த காத்து, குவிச்சு வச்ச பூவு, விலை கூவுற சத்தம், ஒருதடவ பாத்தா மறக்கவே மாட்டா.

கல்யாண மாலைக்கு மாணிக்க மாலை கேட்டுப் பாருங்க. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை இதெல்லாம் மடிச்சு மடிச்சு தட்டையா கோத்து, கல்லு பதிச்ச நகை மாதிரி கட்டுவோம். 2025ல இதுக்கும் புவிசார் குறியீடு வந்தாச்சு. ஒவ்வொரு பூவையும் கையால மடிச்சு வைக்கணும், அவசரத்துக்கு வந்து கேட்டா கட்ட முடியாது, அளவு சொல்லி முன்கூட்டியே ஆர்டர் குடுக்கணும். எங்க அத்தை ஒருத்தி இருக்காவ, குடும்பத்துல எந்த பிள்ளைக்கு கல்யாணம்னாலும் மாலை அவிய கையால தான் கட்டுவாவ, வேற யாரையும் தொட விட மாட்டாவ. வயசாகி கண்ணு மங்கிட்டு, ஆனா மடிப்பு ஒண்ணு கூட பிசகாது. என் தங்கச்சி கல்யாணத்துக்கு அந்த மாலைய அவிய கையில எடுத்து குடுத்தப்ப அவிய முகத்துல இருந்த பெருமைய நீங்க பாத்திருக்கணும்.

தலைக்கு வைக்க பிச்சிய முந்தின நாளே மொட்டா வாங்கி கட்டி, வாழை இலையில பொதிஞ்சு லேசா தண்ணி தெளிச்சு வச்சிருங்க, காலையில எடுக்கும்போ வாடாம மணமா இருக்கும். பொண்ணுக்கு மட்டும் இல்லாம வந்த எல்லா பொம்பளைகளுக்கும் குடுக்க தனியா சொல்லுங்க. வாசல்ல நின்னு ஒவ்வொருத்தருக்கா பூ நறுக்கி குடுக்குற வேலைய நீங்க எடுத்துக்கிடுங்க அக்கா, வந்த எல்லாரையும் பாத்து பேச அதவிட நல்ல வழி கெடையாது.

மார்த்தாண்டம் சித்தி:

நாங்க சிஎஸ்ஐ சபை கிறிஸ்தவங்க, எங்க கல்யாணம் வேற மாதிரி, ஆனா அத்தை சித்தி சந்தோசம் எல்லாருக்கும் ஒண்ணு தான், அதனால எழுதுகேன். எங்களுக்கு மூணு ஞாயித்துக்கிழமை சபையில ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பாவ, அன்னைக்கே எனக்கு கல்யாணம் தொடங்கிரும். அக்கா மகளோட பேர ஆலயத்துல வாசிச்சப்ப நான் பக்கத்துல இருந்து அவ கைய பிடிச்சுக்கிட்டேன், அவளுக்கு கை சில்லுன்னு இருந்துது.

கல்யாணத்தன்னைக்கு பொண்ணுக்கு நெட்டு (தலையில போடுற வலைத்துணி முக்காடு) குத்துறது எங்க குடும்பத்துல சித்திமாருக்கு உள்ள வேலை. பியூட்டிசியன் வந்திருந்தாலும் அத மட்டும் நான் தான் செய்வேன்னு சொல்லிட்டேன். கொண்டைய இறுக்கமா போட்டு, அதுக்கு கீழ பூவ சுத்தி, மேல நெட்ட வச்சு ரெண்டு பக்கமும் சிலைடு குத்தி, முன்னால சின்ன மடிப்பு ஒண்ணு விடணும். ஆலயத்துல முட்டுப் போடும்போ நெட்டு பின்னால இழுபட்டா தலையே இழுக்கும், அதனால நுனிய யாராவது பிடிச்சுக்கிட்டே போகணும், அதுக்கும் சின்னப் பிள்ளை ஒண்ண பழக்கி வச்சிருந்தேன். குத்தி முடிச்சிட்டு கண்ணாடியில அவளும் நானும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம், ரெண்டு பேருக்கும் பேச்சு வரல. அவ அம்மை அப்போ கார் வரலன்னு கேட்டுல நின்னு போன் பேசிக்கிட்டு இருந்தா. அந்த நேரம் எனக்குன்னு கர்த்தர் தந்ததுன்னு தான் நினைக்கேன்.

முந்தின நாள் ராத்திரி பொண்ணு வீட்டு விருந்துல பாட்டு பாட ஆளு சேத்துருங்க, நாங்க குவயர் பிள்ளையள் எல்லாம் சேந்து பாடுனோம், பக்கத்து வீட்டு இந்து குடும்பமும் வந்து இருந்து கேட்டாவ, சோறு விளம்புனதும் அவிய பையன்மார் தான். நம்ம மாவட்டத்துல எல்லா வீட்டு கல்யாணமும் எல்லாருக்கும் உள்ளது தானே.

கோட்டாறு_பெரியம்மை:

சீர் பத்தி யாரும் சொல்லலியே. அத்தைன்னா கண்டிப்பா தங்கத்துல ஏதாவது போடணும், நாலு பேரு கேப்பாவ. வடசேரியில கோயில் நகை செய்யுறவிய கிட்ட சொல்லி ஒரு நெத்திச்சுட்டியோ ஜிமிக்கியோ செஞ்சு குடுங்க, நம்ம ஊரு கைவேலை, காலத்துக்கும் நிக்கும்.

பார்வதிபுரம் அத்தை:

@கோட்டாறு_பெரியம்மை, முடிஞ்சவிய செய்யட்டும், நல்லது தான், ஆனா "நாலு பேரு கேப்பாவ"ங்கிறதுக்காக செய்யப்பிடாது. நம்ம மாவட்டத்துல பவுன் கணக்கு பேசி பேசியே எத்தனை வீடு கடன்ல போச்சுன்னு நமக்கு தெரியாததா? தங்கம் இன்னைக்கு இருக்க விலைக்கு அத்தையும் அவ வீட்டுக்காரரும் கடன் வாங்கி செஞ்சா அந்த பிள்ளைக்கு அது சந்தோசமாவா இருக்கும். வெத்தலையில சுருள் (மொய்ப்பணம்) வச்சு மனசார குடுத்தா போதும். இல்லேன்னா நல்ல வெங்கல உருளி ஒண்ணு வாங்கிக் குடு தங்கச்சி, அவ பிள்ளை காலத்துலயும் அதுல பாயாசம் வைப்பா.

தக்கலை வக்கீலம்மா:

நானும் ஒரு அத்தை தான், அதனால தொழில் சம்பந்தமாவும் சேத்து சொல்லுகேன். வரதட்சணை கேக்கதும் குடுக்கதும் 1961ல இருந்தே சட்டப்படி குத்தம். கேக்காம ஆசையா குடுக்க பரிசுக்கு தடை இல்ல, ஆனா அதுக்கு லிஸ்ட் எழுதி வைக்கணும்னு 1985ல விதி வந்திருக்கு, என்ன பொருள், ஏறக்குறைய என்ன விலை, யாரு குடுத்தது, என்ன உறவுன்னு எழுதி பொண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்து போடணும். கல்யாண வீட்டுல இது யாருக்கும் ஞாபகம் வராது. நான் எங்க அண்ணன் மக கல்யாணத்துல ஒரு நோட்டு போட்டு நானே எழுதுனேன், மாப்பிள்ளை வீட்டுலயும் முகம் சுழிக்கல, நல்ல காரியம்னு தான் சொன்னாவ. அந்த பிள்ளைக்கு உள்ளது எதுன்னு எழுத்துல இருக்குங்கிறது எனக்கு ஒரு நிம்மதி.

இன்னொண்ணு, கல்யாணத்த 90 நாளுக்குள்ள பதிவு பண்ணணும், தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எல்லா மதத்துக்கும் கட்டாயம். மறுவீடு விருந்துன்னு சுத்திக்கிட்டே இருந்து மறந்துருவாவ, அத்தை தான் ஞாபகப்படுத்தணும்.

குலசேகரம்_மருமக:

நான் இந்த பக்கம் இருந்து சொல்லுகேன், எனக்கு கல்யாணம் முடிஞ்சது போன தை மாசம் தான். அன்னைக்கு எனக்கு எல்லாமே என் அத்தை தான். மேக்கப் தொடங்குறதுக்கு முன்னாடி தட்டுல இட்லி கொண்டு வந்து "வாயத் திற"ன்னு ஊட்டி விட்டாவ, அதுக்கப்புறம் மதியம் வரைக்கும் எனக்கு ஒரு வாய் தண்ணி குடிக்க நேரம் கெடைக்கல. அவிய முந்தானையில ஊக்கு குத்தி வச்சிருந்தாவ, கைப்பையில நூல் ஊசி, கர்ச்சீப், தலைவலி மாத்திரை, ஸ்ட்ரா எல்லாம் இருந்துது. ஸ்ட்ரா எதுக்குன்னா உதட்டுச்சாயம் போவாம தண்ணி குடிக்க. பட்டுச்சேலைய கட்டிக்கிட்டு பாத்ரூம் போறது எவ்வளவு பாடுன்னு கட்டுனவளுக்கு தான் தெரியும், அத்தை கூட வந்து கொசுவத்த தூக்கி பிடிச்சுக்கிட்டாவ, அம்மைட்ட கூட நான் கேக்க கூச்சப்பட்டிருப்பேன்.

மணமேடைக்கு என்னைய கைய பிடிச்சு கூட்டி போனதும் அவிய தான். தாலி ஏறுன நேரத்துல மேளத்துக்கு மேல ஒரு குரவை கேட்டுது பாருங்க, தனியா அது அத்தை குரல்னு எனக்கு தெரிஞ்சுட்டு, அதுக்கப்புறம் தான் மத்தவிய எல்லாம் சேந்தாவ. உங்களுக்கு குரவை போட வருமா அக்கா? வரலேன்னா இப்பவே பழகுங்க, நாக்க வேகமா அடிக்கணும்.

கல்யாணத்துக்கு அப்புறம் நடக்க நாலாம் நீர் சடங்குக்கும் இருந்துட்டு போங்க, அவசரமா ரயில் ஏறிராதீங்க. எங்க வீட்டுல அன்னைக்கு தான் உண்மையான சிரிப்பு. குடத்து தண்ணிக்குள்ள மோதிரத்த போட்டு ரெண்டு பேரையும் தேடச் சொல்லுவாவ, தலையில பப்படம் உடைப்பாவ, அத்தை எனக்கு காதுல "மோதிரம் வலது பக்கம் கெடக்கு"ன்னு சொல்லிக் குடுத்து நான் ஜெயிச்சேன். அன்னைக்கு தான் என் வீட்டுக்காரரும் எங்க குடும்பத்து ஆளுகளோட கூச்சம் விட்டு பேசுனாரு.

வடசேரிக்காரி:

எல்லாரும் இப்படி எழுதுவியன்னு நான் நினைக்கவே இல்ல. வாசிக்க வாசிக்க கண்ணு கலங்கிட்டு, என் வீட்டுக்காரர் என்னன்னு கேட்டாரு, அவருட்டயும் வாசிச்சு காட்டுனேன்.

அண்ணன்ட்ட பேசிட்டேன். அவியல் காய வீட்டுக்கே இறக்குறதா சொல்லிட்டான், பந்தி இலை போட்டு தான், பஃபே கிடையாது. ஓணம் எப்போன்னு பாத்தேன், முகூர்த்தம் அதுக்கு பக்கத்துல தான் வருது, அதனால பூவுக்கு இந்த வாரமே ஆள விட்டு சொல்லச் சொல்லியிருக்கேன், மாணிக்க மாலை கண்டிப்பா வேணும்னு மக ஒத்தக்கால்ல நிக்கா. உருளி வாங்குறதா முடிவு பண்ணியாச்சு, சுருளும் வைப்பேன். நோட்டு போட்டு எழுதுறத நானே பாத்துக்கிடுகேன்னு மயினிட்ட சொன்னதும் அவியளுக்கு பெரிய ஆசுவாசம்.

ரயிலுக்கு இப்போ 60 நாளுக்கு முன்னாடி தான் ரிசர்வேசன் திறக்கு, ஓண நேரத்துல தெக்க வாற வண்டியில எடம் கெடைக்காது, அதனால திறக்க அன்னைக்கு காலையிலயே எந்திரிச்சு போடணும்னு நானும் மகளும் போன்ல அலாரம் வச்சாச்சு. போகும்போ வந்தே பாரத்துல பகல்ல போலாம்னு மக சொல்லுகா, வள்ளியூர் தாண்டி மலையும் காத்தாடியும் வெளிச்சத்துல பாக்கலாம்லா. திரும்புறதுக்கு டிக்கெட் நாலாம் நீர் முடிஞ்சு தான்.

@குலசேகரம்_மருமக, குரவை எனக்கு நல்லா வரும் மக்கா, எங்க அம்மைட்ட படிச்சது. மகளுக்கு தான் இன்னும் வரல, குளிக்கும்போ கதவ சாத்திக்கிட்டு பழகிக்கிட்டு இருக்கா.

பூக்கடை மருமகன்:

சந்தோசம் அக்கா. மாலைக்கு அளவு எடுக்கும்போ மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரு உயரமும் சொல்லுங்க, நீளம் அத வச்சு தான் கட்டணும்.